ஸ்டவர்ஹெட் ஏரியை எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

இங்கிலாந்தில் பழைய பிரபுக்களின் எஸ்டேட் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஊரிலிருந்து வருகிற உறவினர்கள் கேட்டால், நான் அழைத்துச் செல்வது வில்ட்ஷைரில் இருக்கும் ஸ்டவர்ஹெட்டுக்குத்தான். காடு, மேய்ச்சல் நிலம், கிராமம், தோட்டம், மாளிகை எல்லாம் சேர்த்து 2,650 ஏக்கர். ஆனால் அந்த இடத்தின் உயிர் ஓர் ஏரியைச் சுற்றிப் போகும் பாதையில் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர்தான் வரும். அதை முக்கால் மணி நேரத்தில் நடந்து முடித்து, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அரை நாளுக்குப் பிறகும் கிளம்ப மனமில்லாமல் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே தோட்டத்தைத்தான். எந்தத் திசையில் நடந்தார்கள், எங்கெங்கே நின்றார்கள், தண்ணீரைக் கவனித்தார்களா என்பதில்தான் வேறுபாடு.

திசையிலிருந்து தொடங்குகிறேன். கோயிலில் வலம் வந்து பழகிய நம் கால்கள் தாமாகவே ஏரியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்கப் பார்க்கும். இங்கே அதற்கு நேர்மாறாக, ஏரி இடக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். உள்ளே போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஸ்டவர்ட்டன் கிராமத்தில், ஸ்ப்ரெட் ஈகிள் விடுதியின் பக்கம். அந்த வாசலில் நுழைந்த சில நிமிடங்களிலேயே, அஞ்சலட்டைகளில் எல்லாம் இருக்கும் அந்தக் காட்சி கண்ணில் பட்டுவிடும்: முன்னால் ஐந்து வளைவுகள் கொண்ட கல் பாலம், அதன் மேல் புல், நீருக்கு அப்பால் குவிமாடத்துடன் பாந்தியன் என்ற ரோமானிய பாணிக் கோயில். எல்லோரும் படம் எடுப்பார்கள், பாதிப் பேருக்கு அதோடு ஆர்வம் தீர்ந்துவிடும். இன்னொரு வழி மேலே மாளிகைப் பக்கமிருந்து மரங்களுக்கு ஊடாக இறங்குகிறது. முதல் தடவை போகிறவர்கள் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். உச்சக் காட்சியைக் கடைசிக்கு வைத்துத்தான் இந்தத் தோட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது.

அமைத்தவர் ஒரு வங்கிக்காரர். 1717-இல் ஹென்றி ஹோர் என்ற லண்டன் வங்கியாளர் இந்த எஸ்டேட்டை வாங்கினார். பழைய வீட்டை இடித்துவிட்டு, காலன் கேம்ப்பெல் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புது மாளிகை எழுப்பினார். அவருடைய மகனுக்கும் பெயர் ஹென்றி ஹோர்தான். 1743-இல் மனைவி இறந்த பிறகு தோட்ட வேலையைத் தொடங்கிய அந்த மகன், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதிலேயே மூழ்கியிருந்தார். கட்டடங்களை வடிவமைக்க ஹென்றி ஃப்ளிட்கிராஃப்ட் என்பவரை வைத்துக்கொண்டார். எங்கே எது நிற்க வேண்டும், எங்கிருந்து எது தெரிய வேண்டும் என்ற கணக்கெல்லாம் மகன் ஹோருடையது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது. 1672-இல் தொடங்கிய ஹோர் வங்கி இன்றும் லண்டன் ஃப்ளீட் தெருவில் இயங்குகிறது. 1720-இல் தென்கடல் கம்பெனியின் பங்கு விலை ஊதிப் பெருத்து வெடித்தபோது எத்தனையோ குடும்பங்கள் ஓட்டாண்டியாயின. ஹோர் வங்கி நேரம் பார்த்து விற்று லாபத்தோடு வெளியேறியது. அந்தக் கம்பெனி ஆப்பிரிக்க மனிதர்களை அடிமைகளாக ஸ்பானிய அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விற்கும் உரிமை பெற்றிருந்தது. தோட்டத்தின் அழகு இதனால் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாளிகையிலிருந்து இறங்கினால் முதலில் வருவது ஃப்ளோரா கோயில், 1740-களின் நடுவில் கட்டியது. வாசலுக்கு மேல் லத்தீனில் ஒரு வரி: புனிதமற்றவர்களே, விலகிப் போங்கள். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தில் அதன் நாயகன் ஈனியஸ் பாதாள உலகுக்குள் இறங்கும் இடத்தில் வரும் வரி அது. இந்தச் சுற்றுப்பாதை முழுவதுமே ஈனியஸின் பயணம்தான் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு கறாராகப் பொருத்தக் கூடாது என்று மற்றவர்கள் மறுக்கிறார்கள். கதை தெரியாமலும் ரசிக்க முடியும், ஆனால் அந்த ஒரு வரியின் பொருளாவது தெரிந்திருந்தால் அடுத்து வருவது இன்னும் ஆழமாகப் படும். இங்கே படியில் நின்று ஏரிக்கு அப்பால் பாருங்கள், பாந்தியன் தெரியும். பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினால் மரங்கள் அதை மறைத்துவிடும். சற்று தூரத்தில் ஒரு கணம் தெரியும், மறுபடி மறையும். காட்டுவதும் மறைப்பதும்தான் இந்தத் தோட்டத்தின் இலக்கணம். எதிர்த்திசையில் நடந்தால் குன்றின் மேலிருக்கும் அப்பல்லோ கோயிலுக்கு முதலிலேயே ஏறிவிடுவோம். ஏரி முழுவதும் ஒரே பார்வையில் விரிந்துவிடும், பிறகு மறைப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

வடகரையைச் சுற்றி வந்தால் 1748-இல் கட்டிய செயற்கைக் குகை. இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். வெயிலிலிருந்து உள்ளே இறங்கியதும் கண் இருட்டுக்குப் பழகச் சில விநாடிகள் ஆகும். குளிர் கணுக்காலில் முதலில் தட்டுப்படும். பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்கும். வட்டமான அறை, கரடுமுரடான கற்களால் ஆன சுவர், மேலே குவிமாடத்தில் ஒரு திறப்பு. அதன் வழியாக வரும் வெளிச்சத்தில், மாடத்தில் ஒரு பெண் உருவம் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறது. ஜான் சீயர் என்ற சிற்பி ஈயத்தில் வார்த்து வெள்ளை பூசிய சிலை. அவள் படுத்திருக்கும் கல்லின் கீழிருந்து சுனை நீர் வழிந்து முன்னால் உள்ள தொட்டியில் விழுகிறது. இது குழாய் நீர் அல்ல, ஸ்டவர் நதியின் ஊற்று நீர். தொட்டியின் விளிம்பில், கவிஞர் அலெக்சாண்டர் போப் ஆங்கிலத்தில் ஆக்கிய நான்கு வரிகளைப் பொறித்திருக்கிறார்கள். சுனையைக் காக்கும் இவளை எழுப்பிவிடாதே, குடித்தாலும் குளித்தாலும் சத்தம் போடாமல் செய் என்பது அதன் கருத்து. எதிர்ச் சுவரில் ஒரு திறப்பு இருக்கிறது. அதில் குனிந்து பார்த்தால் கண் ஏறக்குறைய நீர்மட்டத்தில் இருக்கும். அங்கிருந்து ஏரிக்கு அக்கரையில் பாலமும் கிராமமும் தெரியும். அடுத்த அறையில் குடத்திலிருந்து நீரூற்றும் நதித் தெய்வத்தின் சிலை இருக்கிறது. அதைத் தாண்டிப் படியேறினால் மறுபடியும் வெயில்.

குகைக்குள் தரை எப்போதும் ஈரம். செருப்போடு போகக் கூடாது. ரப்பர் அடிப்பாகம் உள்ள, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ வேண்டும். என் அம்மா புடவையில்தான் வருவார். கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, காலில் ஷூவும் காலுறையும் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சுவரையும் மறு கையால் என்னையும் பிடித்தபடி இறங்கினார். முழங்கால் வலி அதிகம் உள்ளவர்கள் குகைக்குள் இறங்காமல் வெளிப்பாதையிலேயே போய்விடலாம், தவறில்லை.

பாந்தியனுக்குள் மைக்கேல் ரைஸ்பிராக் செதுக்கிய ஹெர்குலிஸ் நிற்கிறான். கம்பிக் கதவுக்கு வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டியிருந்தாலும் பார்த்துவிட்டுப் போங்கள், தோள்பட்டையின் தசை ஒவ்வொன்றையும் எண்ணலாம். பாந்தியனின் படியில் உட்கார்ந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது அதைவிட முக்கியம். அக்கரையில் சிறிதாகத் தெரிவது நீங்கள் முதலில் நின்ற ஃப்ளோரா கோயில்.

இங்கிருந்து சற்று தூரம்தான் ஏரியின் கரை. சுற்றுலா வழிகாட்டிகள் பெரிதாகச் சொல்லாத இடம். நானும் அதைக் கவனித்தது என் அப்பாவுடன் போனபோதுதான். அப்பா பொதுப்பணித் துறையில் இருந்தவர். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களோடு வாழ்நாளைக் கழித்தவர். கோயில்களையும் சிலைகளையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு வந்தவர், தென்கோடியில் திடீரென்று நின்று, காலால் தரையைத் தட்டினார்.

"அம்மா, நாம் இப்போது நிற்பது கரை. தெரிகிறதா?"

எனக்குத் தெரியவில்லை. புல்லும் மரமும் பாதையுமாக மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் எட்டிப் பார். எவ்வளவு பள்ளம்! இது தானாக உண்டான ஏரி இல்லை. ஓடையை மறித்து மண்கரை போட்டிருக்கிறார்கள். இதன் கலிங்கு எங்கே இருக்கிறது, அதை முதலில் காட்டு."

"எனக்குத் தெரியாதே அப்பா, நீங்களே கண்டுபிடியுங்கள்" என்றேன். கண்டுபிடித்தார். கரைக்கு வெளிப்புறம், மிகைநீர் பாறைகளில் விழுந்து கீழே இன்னொரு நீர்நிலைக்குப் போகிறது. அருவிபோல் அலங்காரமாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் அது செய்வது கலிங்கின் வேலைதான். பக்கத்தில் பழைய நீர்ச்சக்கரம் ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு அப்பாவின் நடையே மாறிவிட்டது. 1750-களில், இயந்திரம் எதுவும் இல்லாமல், மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக இவ்வளவு மண்ணைக் கொட்டி இறுக்கி, இன்றுவரை நீர் நிற்கும்படி செய்தவர்கள் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர்களில் ஒருவரின் பெயரையும் எந்தக் கோயிலிலும் பொறிக்கவில்லை.

அன்றிலிருந்து யாரை அழைத்துப் போனாலும் கரையில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்கிறேன். ஒரு பக்கம் கண்ணாடிபோல் ஏரி, மறுபக்கம் சரிவு. அந்த உயர வேறுபாடு கண்ணில் பட்டதும், இதுவரை இயற்கை என்று நினைத்துக்கொண்டு வந்த பள்ளத்தாக்கு முழுவதும் மனிதர் யோசித்துச் செய்தது என்பது புரிந்துவிடும். நேரம் இருந்தால் நீர் வரும் திசையிலும் போங்கள். ஏரிக்கு வடக்கே சிக்ஸ் வெல்ஸ் பாட்டம் என்ற பள்ளத்தாக்கில், ஆடுகள் மேயும் புல்வெளிக்கு நடுவில் ஸ்டவர் நதியின் ஊற்றுகள் இருக்கின்றன. பிரிஸ்டலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ஒரு பழைய கல் மண்டபம் ஊற்றின் மேல் நிற்கிறது. ஹோருக்கு முன்பு இந்த மண்ணை ஆண்ட ஸ்டவர்ட்டன் குடும்பத்தின் சின்னத்தில் ஆறு நீரூற்றுகள் இருப்பது இதனால்தான். இங்கே பிறக்கும் நதி டார்செட் வழியாக ஓடிக் கிறைஸ்ட்சர்ச்சில் கடலில் கலக்கிறது.

புல்வெளிகளுக்குள் போகும்போது சில வழக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். நீங்கள் திறந்த கேட்டை உடனே மூட வேண்டும். திறந்தே கிடந்தால் மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். கன்றோடு இருக்கும் பசுவுக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி இருக்கட்டும். நம் ஊர் மாடுபோல் தடவிக்கொடுக்கலாம் என்று நெருங்கக் கூடாது. இத்தகைய எஸ்டேட்களில் மாளிகைப் புல்தரைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் இடையே வேலி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஹா-ஹா என்று ஓர் ஏற்பாடு உண்டு: ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் சரிவு உள்ள பள்ளம். மாளிகையிலிருந்து பார்த்தால் புல் தொடர்ந்து போவதுபோல் இருக்கும், ஆனால் மாடு தாண்டி வர முடியாது. ஓடுகிற குழந்தைகளுக்கு அந்த விளிம்பு தெரியாது. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கரையைத் தாண்டி, சாலைக்கு மேலாகச் செல்லும் பாறை வளைவு வழியாக ஏறினால் 1765-இல் கட்டிய அப்பல்லோ கோயில், லெபனானின் பால்பெக்கில் உள்ள வட்டக் கோயிலை மாதிரியாகக் கொண்டது. ஏற்றம் செங்குத்தானது. அம்மா ஏறவில்லை, கீழே ஏரிக்கரையோடு போகும் சமதளப் பாதையில் பாலத்துக்குப் போய் எங்களுக்காகக் காத்திருந்தார். ஏறியவர்களுக்கு அதுவரை துண்டுதுண்டாகப் பார்த்ததெல்லாம் அங்கே ஒன்றாகிறது. இறங்கும்போது சாலைக்கு அடியில் சுரங்கம்போன்ற வழியாக வந்து, கடைசியில் புல் மூடிய கல் பாலத்தை அடைவோம். அருகில் பிரிஸ்டல் நகரின் பழைய சிலுவைக் கோபுரம், 1373-இல் எழுப்பியது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அந்த நகரம் கழற்றிப் போட்டதை ஹோர் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார். மாடங்களில் அரசர்களின் சிலைகள் இருக்கின்றன. இப்போது திரும்பிப் பாருங்கள். அஞ்சலட்டைக் காட்சி இதுதான், ஆனால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் நீங்கள் போய்விட்டு வந்திருப்பீர்கள்.

லண்டனில் ஒரு நாள் கிடைத்தால், இங்கே வருமுன் நேஷனல் கேலரிக்குப் போய் குளோட் லொரெய்ன் 1672-இல் வரைந்த டெலோஸ் தீவில் ஈனியஸ் என்ற ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். நுழைவு இலவசம். இடப்பக்கம் தூண் மண்டபம், நடுவில் குவிமாடக் கோயில், தூரத்தில் நீர். அந்த ஓவியத்தைப் பார்த்தவர்கள் பாலத்தருகே நின்றதும் அடையாளம் கண்டுகொள்வார்கள். மரங்களின் பச்சையைக்கூட ஓவியத்தில் நிழலை அமைப்பதுபோலக் கூட்டம் கூட்டமாக, இருட்டுக்கு எதிரே வெளிச்சமாக நட வேண்டும் என்பது ஹோரின் எண்ணம்.

பருவத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மே, ஜூன் மாதங்களில் ரோடோடென்ட்ரான் பூத்துக் குலுங்கும். கூட்டமும் அதற்காகவே வரும். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று சொல்கிறோமே, அதன் இனம்தான். இவற்றை 1790-களில் கொண்டுவந்து நட்டது ஹோரின் பேரன் ரிச்சர்ட் கோல்ட் ஹோர். பாட்டனார் நினைத்த தோட்டத்தில் இந்தச் சிவப்பும் ஊதாவும் இல்லை. பூக்காலம் அழகுதான், ஆனால் கண் பூவிலேயே நின்றுவிடும், நீரும் கட்டடமும் பின்னுக்குப் போய்விடும். நான் சொல்வது அக்டோபர் பாதிக்கு மேல், வார நாளாகப் பார்த்து, காலையிலேயே. துலிப் மரத்தின் இலை அப்போது வெண்ணெய் மஞ்சளாகிவிடும். நுனியைக் கத்தரியால் வெட்டியதுபோல் தட்டையாக இருக்கும், ஒன்றைப் பொறுக்கிப் பாருங்கள். இரண்டாவது தடவை வருகிறவர்களுக்கு ஜனவரி. இலையில்லாத மரங்களுக்கு நடுவே எந்தக் கட்டடம் எதை நோக்கி நிற்கிறது என்பது வெளிப்படையாகத் தெரியும். நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் காலையிலேயே போக வேண்டும்.

காரில் வருகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஏ303 நெடுஞ்சாலையிலிருந்து மியர் ஊர்ப் பக்கம் திரும்ப வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் லண்டன் வாட்டர்லூவிலிருந்து டார்செட்டில் உள்ள கில்லிங்கம் நிலையத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். சுமார் இரண்டு மணி நேரப் பயணம். கென்ட்டிலும் அதே எழுத்துகளில் இன்னொரு ஊர் இருக்கிறது, எதிர்த்திசையில். டிக்கெட்டில் டார்செட் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து டாக்சிதான் வழி. திரும்புவதற்கும் காலையிலேயே நேரம் சொல்லிப் பேசிவிடுங்கள், ஏனென்றால் பள்ளத்தாக்கில் என் கைப்பேசியில் சிக்னல் நிற்பதே இல்லை. எஸ்டேட், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து இடங்கள் பார்க்கும் எண்ணமிருந்தால் குடும்ப உறுப்பினர் சீட்டு வாங்குவது லாபம். மாளிகை திறக்கும் நாளும் தோட்டம் திறக்கும் நாளும் ஒன்றல்ல. இரண்டையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஏரியைச் சுற்றும் வழியில் கழிப்பறை இருக்கும் என்று எதிர்பார்க்காமல் வாசலிலேயே போய்விட்டு வருவது பெரியவர்களுக்கு நிம்மதி. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்ப் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. குப்பையை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட வேண்டும்.

மாளிகை திறந்திருந்தால் கோல்ட் ஹோரின் நூலகத்துக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். 1902-இல் நடுப்பகுதி தீயில் எரிந்தபோது தப்பிய பகுதி அது. கடைசியாக வாழ்ந்த சர் ஹென்றி ஹோர், ஆல்டா தம்பதியின் ஒரே மகன் முதல் உலகப் போரில் காயம்பட்டு 1917-இல் இறந்தான். அடுத்து வர ஆளில்லாமல் 1946-இல் எஸ்டேட்டை டிரஸ்டிடம் ஒப்படைத்தார்கள். மறு ஆண்டு மார்ச் 25 அன்று இருவரும் ஒரே நாளில் காலமானார்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் ஆல்பிரட் கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாளிகையிலிருந்து நான்கு கிலோமீட்டர் அளவில், காட்டுக்கு மேலே, முக்கோண வடிவில் செங்கல்லால் எழுப்பிய 49 மீட்டர் உயரக் கோபுரம். 1772-இல் முடிந்தது. டேனியப் படையை எதிர்த்து மன்னர் ஆல்பிரட் கொடி நாட்டிய இடம் என்ற நம்பிக்கையில் கட்டியது. கூடவே மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறியதையும், பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் முடிந்ததையும் கொண்டாடுகிறது. அந்தப் போரின் ஒரு களம் நம் வந்தவாசி. 1760-இல் அங்கே பிரெஞ்சுப் படை தோற்றது, அடுத்த ஆண்டு புதுச்சேரி வீழ்ந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னதும் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "வந்தவாசி பெயர் எங்கேயாவது இருக்கிறதா பார்" என்றார். இல்லை. உள்ளே 205 படிகள். ஏறுவதற்குச் சில நாள்களில் மட்டுமே அனுமதி உண்டு. கோபுரத்தருகே தனியாக வண்டி நிறுத்துமிடம் இருப்பதால், நடக்க முடியாதவர்களைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு மற்றவர்கள் காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்துகொள்ளலாம்.